ஒரு சாண் அலை

பிஸ்கட் தகரம் நாலு.
தேயிலைச் சாக்கின் உள்பக்கத்து வெள்ளித்தாள்,
குணசீலி ஸ்டோரிலிருந்து மடித்துக் கொண்டுவந்தது.
விரல் நீளச் செம்புக்கம்பி ஒன்று.
கொம்பு என்று பெயர் இதற்கு; பார்த்தால்
கோழிக்கூடையைக் கவிழ்த்துப்போட மறந்த மாதிரி
அப்புத்தளை ரயில் பாதைக்கு மேலே
என் வாடகை அறையின் கூரையில்
அண்ணாந்து கிடந்தது.

மாசி. ராத்திரி எட்டுக்கு
மிருகசீரிடம் நேர் உச்சியில் என்கிறது கைபேசி.
நான் கண்டதில்லை.
கணவாயில் ஏறி வரும் மூட்டம்
எதிர்வீட்டு பல்பையே விழுங்கிவிடும்.
அதற்கு அப்பால் ஆயிரத்து முந்நூறு வருடத் தூரத்தில்
விண்மீன் பிறக்கும் புகைக்காடு ஒன்று.

படங்களில் சிவப்பாய் எரிகிறதே, அது
ஏற்கெனவே பிறந்தவை வெளிச்சம் போட்ட இடம்.
எனக்கு அது வேண்டாம்.
அதைச் சுற்றி வெளியே நிற்கிறது பார்,
சூடு வந்து சேராத ஹைட்ரஜன்,
ஒரு புரோட்டான் ஒரு எலக்ட்ரான்,
அவ்வளவுதான் குடித்தனம்.
படத்தில் விழாது.
கோடி வருடத்துக்கு ஒருமுறை
ஒன்று புரண்டு படுக்கும்.
அப்போது விடுகிற மூச்சின் நீளம்
இருபத்தொரு சென்ரிமீற்றர்:
என் சாணுக்கு ஒரு நகம் குறைவு.
மூட்டம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.
நேரே இறங்கி வரும்.

வரவில்லை.
பதினோரு இரவும் திரை முழுக்க முள்.
பகலெல்லாம் செத்த கைபேசிகளைத் திறந்து மூடுகிறவன் நான்,
குற்றவாளியைப் பிடிக்க இரண்டு நாள் போதும்:
ஸ்டோரின் வாட்டு மாடியில்
இரவெல்லாம் சுற்றும் காற்றாடி மோட்டார்கள்.

"அரை மணி நேரம் நிப்பாட்டு, குணசீலி."
"நிப்பாட்டினா கொழுந்து புளிச்சிரும்.
அப்புறம் துரை என்னையத்தான் தட்டுல போட்டு வாட்டுவாரு."
சிரித்தாள். நான் திரும்பக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் இரவு
சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் போனது.
ஸ்டோர் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை;
டீசலுக்கான வரிசை
கோயில் வளைவைத் தாண்டி நின்றது.
டவுன் அணைந்தது. லயங்கள் அணைந்தன.
காற்றாடிகள் ஒவ்வொன்றாய் மூச்சை விட்டன.
திரையில் முள் எல்லாம் உதிர்ந்து
உழுது ஆறப்போட்ட மண் மாதிரி ஒரு கோடு.

மடிக்கணினி பற்றரி ஐம்பத்தாறு வீதம்.
நாற்பது நிமிடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினேன்.
முதலில் ஒரு சந்தேகம்.
பிறகு ஒரு வீக்கம்.
பிறகு, மேடு.
இடப்பக்கத் தோள் சற்றே சரிந்து;
சரிவுக்குப் பொருள்,
அதில் ஒரு பங்கு நம்மைவிட்டு விலகிப் போகிறது.
கொம்பின் வாய் அகலம், எந்த மேகம் எதுவென்று
பிரித்துச் சொல்ல எனக்கு வக்கில்லை.
ஆனாலும் இருக்கிறது.
எழுந்து நின்றேன். அறையில் யாருமில்லை.

கதவைத் தட்டியபோது குணசீலியின் கையில் டோர்ச்;
முழங்கை வரைக்கும் புளித்த வாசனை.
"எண்ணூறு கிலோ," என்றாள்.
"கையாலயே பெரட்டிப் பாத்தோம், ஆறு பேரு.
அடியில கொதிக்குது."

நான் வேண்டிய நிசப்தம் அது.
எதுவும் சொல்ல வரவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்,
பரிகாரம் போல, அபத்தமாக.

"என்ன இது, பத்தன மலையாட்டம்?"
"ஹைட்ரஜன். விண்மீன் ஆகாம
ஓரத்துல நிக்கிறது."
"இன்னும் பேர் போடலயா அதுக்கு?"
"இல்ல."
"அரைப்பேரு கூடவா இல்ல?"
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
மேட்டின் மீது சாண் விரித்து வைத்தாள்;
பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை
கண்ணாடியில் பச்சைக் கறை.

பற்றரி ஒன்பது வீதம்.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
தேதியைப் போட்டேன்.
எண்ணூறு கிலோ என்றும் போட்டேன்.